பின்கள வீரரின் கண்கள்

கால்பந்தில் கோல் விழுந்ததும் பழி தடுப்பாட்டக்காரர் தலையில்தான் விழுகிறது. மதுரை ஒத்தக்கடை வட்டாரத்து மண் திடல்களில் விளையாடும் சிறுவர்களுக்கும் இதே நிலைதான். "பந்து கண்ணுக்குத் தெரியலையாடா?" என்று கரையிலிருந்து குரல் எழும். பல வேளைகளில் உண்மையிலேயே தெரிவதில்லை என்பதுதான் விடை.

தடுப்பாட்டக்காரர் பந்தையும் பார்க்க வேண்டும். தன் பொறுப்பிலுள்ள எதிரணி வீரரையும் பார்க்க வேண்டும். பந்து வலப்பக்க எல்லைக்கோட்டருகே இருக்க, அந்த வீரர் இடத்தோளுக்குப் பின்னால் நின்றால், இரண்டும் ஒரே பார்வையில் அடங்கா. நம் கண் மிகக் கூர்மையாகக் காணும் பரப்போ சிறிது: நீட்டிய கையின் கட்டைவிரல் மறைக்கும் அளவு, ஏறத்தாழ 2 பாகை. அதற்கு அப்பால் போகப்போகக் காட்சி மங்குகிறது. தேர்ந்த முன்கள வீரர் அந்த மங்கலிலிருந்துதான் ஓட்டத்தைத் தொடங்குகிறார்.

நேரமும் போதாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பாயும் பந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். கண்டவுடன் உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் பந்து 5 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். இடையே நிற்பவர்களின் கால்கள் மறைத்தால் காண்பதே தாமதமாகும். கரையில் நிற்பவருக்கு இந்த இடர்கள் இல்லை. பந்தும் ஆளும் ஒருசேரத் தெரிகின்றன.

1970 உலகக் கோப்பையின் 'டெல்ஸ்டார்' பந்து, கருப்பு-வெள்ளைத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரியவே வெள்ளையும் கருப்புமாக வடிவமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2004-05 பருவத்திலிருந்து குளிர்கால ஆட்டங்களுக்கு மஞ்சள் பந்து வந்தது. நம் திடல்களிலோ தேய்ந்து மண்ணிறமேறிய பந்து மண்மீதே உருளுகிறது. புழுதியும் அந்தியும் சேர்ந்தால் எந்தக் கண்ணும் தடுமாறும்.

வசைக்கு அஞ்சிப் பின்களத்தில் நிற்க மறுக்கும் சிறுவர்களை நான் அறிவேன். அவர்களுக்குத் தேவை பயிற்சி. பந்துக்கும் ஆளுக்கும் நடுவே உடலைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பது, பந்து தொலைவில் இருக்கும்போதே தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வது, முழுத் திடலையும் முன்னால் காணும் கோல்காப்பாளர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பது ஆகிய மூன்றையும் பயிற்சியாளர்கள் முதல் நாளிலிருந்தே சொல்லித்தரலாம். இவற்றுக்குச் செலவில்லை. முடிந்தால், மண்ணில் தெளிவாகத் தெரியும் நிறத்தில் ஒரு பந்தையும் வாங்கித்தரலாம்.