அறை அறையாக வாடகைக்கு விடுபவருக்கு அனுமதிப்பத்திரம் தேவையா?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வேலைக்கு வருவோர் தொகை எப்போதும் குறைவதில்லை. சீனக்குடாவில் மாவு ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள். நகரில் பொது வைத்தியசாலை, அரச அலுவலகங்கள். நிலாவெளிப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம். வெளியூரிலிருந்து வருபவர் எல்லோரும் முழு வீடு எடுக்க முடியாது. அவர்கள் தேடுவது ஓர் அறை அல்லது ஒரு கட்டில். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு 'பாதை'க்காகக் காத்துக் கிடந்த காலம் போய், கிண்ணியாவில் தங்கி நகரில் தொழில் செய்வதும் இலகுவாயிற்று.

இதனால் கடைக்கு மேலுள்ள மாடியையும், வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டையும் பலகையால் தடுத்து 'போடிங்' ஆக்குவது நமது வர்த்தகர்கள் பலருக்கு ஒரு துணை வருமானமாகிவிட்டது. வியாபாரம் படுத்தாலும் வாடகை வரும் என்பது உண்மைதான். ஆனால் கடைக்கு லைசன்ஸ் எடுக்கத் தவறாத நாம், இதற்கும் ஒன்று தேவையா என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

வீடா, விடுதியா?

இங்கிலாந்தைப் போல, பலர் பகிர்ந்து தங்கும் வாடகை வீட்டுக்கென்று தனியான ஓர் அனுமதிப்பத்திரச் சட்டம் இலங்கையில் இல்லை. ஒரு குடும்பத்துக்கு வீட்டை மாத வாடகைக்குக் கொடுப்பவர் எந்த லைசன்ஸும் எடுப்பதில்லை. ஆனால் அதே வீட்டில் பத்துப் பேருக்குக் கட்டில் போட்டு, நாட் கூலிக்கும் வார வாடகைக்கும் இடம் கொடுத்து, சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால் அது தங்கும் விடுதி என்று கருதப்பட இடமுண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் அனுமதிப்பத்திரப் பட்டியல்களில், பேக்கரி, தேநீர்க்கடை ஆகியவற்றோடு தங்கும் விடுதியும் இடம்பெறுவதைக் காணலாம்.

அச்சட்டப்படி அறவிடக்கூடிய உச்சக் கட்டணம், இடத்தின் ஆண்டுப் பெறுமதி 1,500 ரூபாவைத் தாண்டினாலும் 1,000 ரூபாதான். நகர சபை, மாநகர சபைகளின் கட்டணங்கள் வேறுபடும். உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுப்பவர் கதை வேறு. அவர் 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிய வேண்டும்.

ஆக, செலவு லைசன்ஸில் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் மலசலகூடம், காற்றோட்டம், குடிநீர் ஆகியவற்றில்தான் இருக்கிறது. மறைத்து வைப்பவர் மிச்சப்படுத்துவதும் அதைத்தான். கட்டடத்தின் உள்ளமைப்பை மாற்றுவதற்கும் உள்ளூராட்சி மன்றத்தின் முன் அனுமதி தேவை என்பதைத் தடுப்புப் போடும் முன்னரே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு பலகைத் தடுப்பின் விலை

2024 ஜூன் 12 ஆம் திகதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஆறு மாடிக் கட்டடம் தீப்பிடித்ததில் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 45 பேர் இந்தியர்; தமிழ்நாட்டவரும் அதில் அடக்கம். அறைகளைப் பிரித்திருந்த தடுப்புகள் எளிதில் தீப்பற்றக்கூடியவையாக இருந்ததும், மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததும் உயிரிழப்பைக் கூட்டின என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. நமது மாடிகளிலும் அதே பலகைத் தடுப்புகள்தான். ஒரே பிளக்கில் நான்கு வயர்கள்தான். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டுத்தான்.

இங்கிலாந்தில் ஐந்து பேரும் அதற்கு மேலும் பகிர்ந்து தங்கும் வீடுகளுக்கான கட்டாய லைசன்ஸ் 2006 இல் மூன்று மாடி வீடுகளுக்கு வந்தது. 2018 ஒக்டோபரில் மாடிக் கணக்கு நீக்கப்பட்டு, படுக்கையறையின் ஆகக்குறைந்த அளவும் விதிக்கப்பட்டது. ஒருவருக்கு 6.51 சதுர மீற்றர், இருவருக்கு 10.22. நமது கணக்கில் 70, 110 சதுர அடி. எட்டடிக்கு எட்டடி அறை 64 சதுர அடிதான். அந்த அளவுகோலில் அது ஒருவருக்கே போதாது. நாமோ இருவரைப் போடுகிறோம். அந்தச் சட்டம் இங்கு செல்லாது. ஆனாலும் அளவுநாடா எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

பதிவும் பற்றுச்சீட்டும்

எழுத்தில் எதுவும் வேண்டாம் என்பது வீட்டுக்காரர் பலரது பழக்கம். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குக் கொடுத்த பாதுகாப்பும், வருடக் கணக்கில் இழுபட்ட வழக்குகளும் உண்டாக்கிய பயம் அது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மாவட்ட நீதிமன்றம் மூலம் விரைவாக மீட்பதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. கையில் ஆவணம் இல்லாதவர் அந்த வழியில் போவது கடினம்.

தங்குபவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டதை யாரும் மறக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்படியான ஒரு நாளில், தான் எங்கு, ஏன் தங்கியிருக்கிறேன் என்று காட்ட ஏழைத் தொழிலாளியிடம் இருக்கக்கூடியது வீட்டுக்காரர் கொடுத்த பற்றுச்சீட்டு மட்டுமே.

எனவே போடிங் நடத்துவோர் இந்த மாதமே சில வேலைகளைச் செய்யலாம். உள்ளூராட்சி மன்றத்துக்குச் சென்று உங்கள் இடம் எந்த வகைக்குள் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். தங்குபவரின் அடையாள அட்டை இலக்கம், வேலை செய்யும் இடம், உறவினர் தொலைபேசி ஆகியவற்றை ஒரு கொப்பியில் பதியுங்கள். முற்பணத்துக்கும் வாடகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வயரிங்கை ஒரு தேர்ந்த மின்னியலாளரிடம் காட்டுங்கள். இரண்டாவது வாசலைத் திறந்து வையுங்கள். ஒரு கட்டிலைக் குறைத்தால் போவது ஒரு கட்டில் வாடகைதான். குறைக்காமல் விட்டால் போகக்கூடியதற்கு எந்த வியாபாரியாலும் கணக்குப் போட முடியாது.