நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

நம் வணிகர் வீடுகளில் இன்று வீட்டுக்கு ஒரு பட்டதாரி உண்டு. கடைக்கு வராவிட்டாலும் நல்ல வேலையில் அமரட்டும் என்று நாமும் மனதைத் தேற்றிக்கொண்டோம். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நமது வ.உ.சிதம்பரனார் துறைமுகம், அதைச் சுற்றியுள்ள கப்பல் முகவர் அலுவலகங்கள், சரக்குப் பெட்டக நிலையங்கள், ஸ்பிக் உரத் தொழிற்சாலை, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை என வேலை தரும் இடங்கள் ஊரிலேயே பல உள்ளன. அங்கெல்லாம் நுழைய நேர்முகத் தேர்வு என்னும் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கிறோம். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்ட பிறகுதான் குளிப்பை அறிவிப்பார்கள். நேர்முகத் தேர்வும் அப்படித்தான். மேலாக மட்டும் நல்ல சரக்கைப் பரப்பி வைத்தால் குத்தூசி காட்டிக்கொடுத்துவிடும்.

நம் மண்டியில் நான்கு வருடம் கணக்கு எழுதிக்கொண்டே பி.காம். முடித்த பையன் ஒருவன், ஒரு கப்பல் முகவர் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் நம்மிடம் வந்தான். "அண்ணாச்சி, இங்க வேல பாத்ததுக்கு ஒரு லெட்டர் தாங்க" என்று கேட்டான். "மண்டியில வேல பாத்ததுக்கு எதுக்குல லெட்டரு?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அங்கே, "நான்கு வருடமாக என்ன செய்தாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். மண்டி என்று சொல்லக் கூச்சப்பட்டு, "வீட்டில் இருந்தேன்" என்றிருக்கிறான். வேலை கிடைக்கவில்லை. அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கொடுத்தது நாம்தான் என்பது பிறகே உறைத்தது.

அடுத்த முறை வேறோர் அலுவலகத்துக்குப் போனபோது கடைத் தாளில் கடிதம் எழ்திக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். லாரிச் சரக்கை எடை சரிபார்ப்பது, குறைவு வந்தால் எழுதி அனுப்புவது, ஜி.எஸ்.டி. பில் போடுவது, நிலுவை வசூலிப்பது என்று செய்த வேலையை உள்ளபடி சொன்னான். வேலை கிடைத்தது.

இதிலிருந்து நாம் அறிந்தவற்றைச் சொல்கிறோம்.

1. போகும் நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். கப்பல் சரக்குத் தொழில் என்றால், ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுப்பது ஷிப்பிங் பில், இறக்குமதிக்குக் கொடுப்பது பில் ஆஃப் என்ட்ரி, சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் தரப்பார் தருவது பில் ஆஃப் லேடிங் என்ற வித்தியாசமாவது தெரிந்திருக்க வேண்டும். 20 அடிப் பெட்டகம் ஒரு டி.இ.யூ., 40 அடி என்றால் இரண்டு.

2. அசல் சான்றிதழ்களும் இரண்டு செட் நகல்களும் முதல் நாள் இரவே பையில் இருக்க வேண்டும். அசலைக் காட்டலாம், ரசீது இல்லாமல் விட்டுவிட்டு வரக் கூடாது.

3. "உன்னைப் பற்றிச் சொல்" என்பார்கள். படிப்பு, செய்த வேலை, இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்று இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். வீட்டில் நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் நாக்குப் புரளும்.

4. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லும் கடைக்கு மறுபடி யார் வருவார்?

5. சம்பளம் கேட்டால், ஊர் நிலவரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்ல வேண்டும்.

6. சலவை செய்த சட்டை போதும். நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போய்விட வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. "பணம் கொடுத்தால் இன்டர்வியூவில் சொல்லி வேலை வாங்கித் தருகிறேன்" என்று வருபவரை நம்ப வேண்டாம். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. இல்லாத தேர்வுக்குச் சிபாரிசு எங்கிருந்து வரும்? வேலை தரும் நேர்மையான நிறுவனம் எதுவும் முன்பணம் கேட்காது. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போகவும் கட்டணம் இல்லை.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கடையில் உழைத்த பையன் வெளியே போகக் கேட்டால் முகம் சுளிக்காமல், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ன வேலை பார்த்தான் என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். நமக்கு ஒரு தாள் செலவு. அவனுக்கு அதுவே முதல்.