ஒலிப்பதிவு படிப்பவருக்குக் கட்டற்ற மென்பொருள் எதற்கு?

ஒலிப்பொறியியலில் சேரும் மாணவர்கள் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் புரோ டூல்ஸ் என்றே பதில் வரும். திரைப்பட ஒலிக்கலவைக் கூடங்களில் அது வேரூன்றிவிட்டதால் அந்தப் பதிலில் பிழையில்லை. ஆனால் வேலைக்கு எது வேண்டும் என்பது ஒரு கேள்வி, கற்க எது ஏற்றது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஆர்டோர் என்ற கட்டற்ற மென்பொருளையே சொல்வேன். விலையைவிட, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது என்பதே முதன்மையான காரணம்.

1999இன் இறுதியில் ஆர்டோரை எழுதத் தொடங்கியவர் பால் டேவிஸ். அமேசானின் தொடக்ககால நிரலாளர்களில் ஒருவர். பல டிராக்குகளில் பதிவு, வெட்டி ஒட்டுதல், கலவை எல்லாம் இதில் முடியும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். இதன் மிக்சரில் ஒவ்வொரு டிராக்கிலும் ஒலி செல்லும் பாதை மேலிருந்து கீழாக வரிசையாகத் தெரியும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரும் அந்த வரிசையில் ஒரு கட்டம்தான். ஒலியின் ஒரு பிரதியை ரிவெர்புக்கு அனுப்பும் சென்டை ஃபேடருக்கு மேலே இழுத்து வைத்தால், குரலைக் குறைத்த பிறகும் எதிரொலி மட்டும் நிற்கும். கீழே வைத்தால் குரலோடு சேர்ந்து அதுவும் குறையும். பாடநூலில் ஒரு பக்கம் படித்தும் பிடிபடாத இந்த வேறுபாடு, இங்கே ஒரு கைநகர்வில் புரிந்துவிடும். ஒலியைத் துண்டுதுண்டாகச் சேர்த்துவைக்கும் பஃபரின் அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் அப்படித்தான்: 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லி விநாடி, 1024 என்றால் 21.3 என்று அருகிலேயே காட்டும். பாடகருக்கு ஹெட்ஃபோனில் தன் குரல் ஏன் பிந்திக் கேட்கிறது என்பதற்கான கணக்கு அது. இன்னும் ஆழமாகப் போக விரும்பும் மாணவர், கூடவே வரும் கம்ப்ரஸரின் மூலநிரலைத் திறந்து, அட்டாக் நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று வாசிக்கலாம். மூடிய மென்பொருளில் அதற்கு வழியே இல்லை. (ஆடாசிட்டி போதாதா என்பார்கள். பேச்சைப் பதிந்து வெட்ட அது நல்ல கருவி. பஸ், சென்ட் என்று மிக்சரைக் கற்க உதவாது.)

இலவசப் பொருளில் தரம் இருக்காது என்பது பழைய சந்தேகம். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' கலக்கப்பட்ட மிக்சர் மேசையைச் செய்த ஹாரிசன் நிறுவனம், தன் மிக்ஸ்பஸ் மென்பொருளை ஆர்டோரின் மீதுதான் கட்டியது. தவிர, ஆர்டோர் முழு இலவசமும் அல்ல: மூலநிரல் எவருக்கும் கிடைக்கும், நிறுவத் தயாரான வடிவத்துக்கு ஆர்டோர் தளத்தில் சிறு தொகை கேட்பார்கள். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது.

வேலைவாய்ப்பு பற்றிய ஆட்சேபம் வலுவானது. புகழ்பெற்ற பிளக்இன்கள் பல லினக்ஸில் ஓடுவதில்லை. ஆர்டோரில் செய்த வேலையைப் புரோ டூல்ஸ் அப்படியே திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வேவ் கோப்பாக எடுத்துத் தர வேண்டும். ஆனால் மைக் வைப்பது, ஒலி அளவைச் சீராக்குவது, ஃபேஸ் பிழையைக் கண்டுபிடிப்பது ஆகியவை எந்த மென்பொருளுக்கும் சொந்தமல்ல. அடிப்படை தெரிந்தவருக்குப் புரோ டூல்ஸின் குறுக்குவிசைகள் சில வாரப் பழக்கம்தான். ஆகவே கல்லூரிகள் புரோ டூல்ஸ் பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளி, முதல் பருவத்தை ஆர்டோருக்குத் தரட்டும்.