காப்புரிமையும் தொழில்நுட்பத் தரநிலையும்: ழான் டிரோலின் பொருளியல் ஆய்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொழில்நுட்பத் தரநிலைக்குள் பலருடைய காப்புரிமைகள் அடங்கும்போது உரிமக் கட்டணம் எவ்வாறு அமைகிறது என்பதைப் பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் ழான் டிரோல், அமெரிக்க அறிஞர் ஜோஷ் லெர்னருடன் இணைந்து ஆராய்ந்துள்ளார். காப்புரிமைத் தொகுப்பு, தரநிலைக்கு முந்தைய விலை உறுதிமொழி ஆகிய இரு கருத்துகளை இக்கட்டுரை எளிய கணக்கீட்டின் துணையுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, தரநிலை, நிரப்புப் பண்டம், பதிலீட்டுப் பண்டம், உரிமக் கட்டணம்.

முன்னுரை

வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டுமெனில் அவை யாவும் ஒரே தரநிலையைப் பின்பற்ற வேண்டும். ஆனால், தரநிலை என்பது பொதுச்சொத்தாகத் தோன்றினும் அதன் உள்ளே தனியாருக்குரிய காப்புரிமைகள் பல பொதிந்துள்ளன. தரநிலையைப் பின்பற்றுவோர் தவிர்க்கவே இயலாத காப்புரிமை 'தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை' எனப்படும். அதற்கான கட்டணம் இறுதியில் நுகர்வோரையே சென்றடைகிறது. சந்தை ஆற்றலும் அதன் ஒழுங்குமுறையும் குறித்த பகுப்பாய்வுக்காக 2014-ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு பெற்ற டிரோல், இச்சிக்கலைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்.

கட்டண அடுக்கின் கணக்கு

இவ்வாய்வுகளின் வேர் 1838-இல் அந்துவான் கூர்னோ வெளியிட்ட நூலில் உள்ளது. பித்தளைக்குச் செம்பும் துத்தநாகமும் தேவை. இரண்டையும் ஒருவரே விற்பதைவிட, இரு தனி முற்றுரிமையாளர்கள் விற்கும்போது மொத்த விலை கூடுகிறது என்று அவர் நிறுவினார்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு பொருளுக்கான தேவை, 12-இலிருந்து மொத்தக் கட்டணத்தைக் கழித்தால் கிடைக்கும் அளவு எனவும், செலவு ஏதுமில்லை எனவும் கொள்வோம். தேவையான காப்புரிமைகள் அனைத்தும் ஒருவரிடமே இருந்தால் அவருக்கு உகந்த கட்டணம் 6, விற்பனை 6, வருவாய் 36. அவை இருவரிடம் பிரிந்திருந்தால், ஒவ்வொருவரும் தமக்கு உகந்த 4-ஐக் கேட்பர். மொத்தக் கட்டணம் 8 ஆகிறது. விற்பனை 4 ஆகக் குறைகிறது. இருவரின் வருவாயும் சேர்ந்து 32 மட்டுமே. மூவரிடம் பிரிந்திருந்தால் மொத்தக் கட்டணம் 9; வருவாய் 27. உரிமையாளர் எண்ணிக்கை பெருகப் பெருக, வாங்குவோரும் இழக்கின்றனர், உரிமையாளர்களும் இழக்கின்றனர். தம் கட்டண உயர்வால் பிறருக்கு நேரும் இழப்பை எவரும் கணக்கில் கொள்ளாமையே இதற்குக் காரணம்.

காப்புரிமைத் தொகுப்பு

காப்புரிமைகளை ஒன்றாகத் திரட்டி ஒரே உரிமமாக வழங்குவது இதற்கான தீர்வு. 1856-இல் அமெரிக்கத் தையல் இயந்திர உற்பத்தியாளர்கள் அமைத்த கூட்டு இதற்கு முற்கால எடுத்துக்காட்டு. எனினும், இத்தீர்வில் ஓர் ஆபத்து உண்டு. ஒன்றுக்கொன்று பதிலீடான இரு காப்புரிமைகள் தொகுக்கப்பட்டால், போட்டியால் சுழியை நோக்கிச் சரிந்திருக்க வேண்டிய கட்டணம் 6-க்கு உயர்ந்துவிடும். அவ்வாறாயின் தொகுப்பு என்பது விலைக் கூட்டுச்சதியின் மறுபெயரே.

எது நிரப்பு, எது பதிலீடு என்று ஒழுங்குமுறை அமைப்புகளால் எளிதில் பிரித்தறிய இயலாது. அதே இரு காப்புரிமைகள் கட்டணம் குறைவாக இருக்கையில் நிரப்பாகவும், கூடும்போது பதிலீடாகவும் செயற்படக்கூடும். 2004-இல் வெளியான ஆய்வில் லெர்னரும் டிரோலும் இதற்கு ஒரு வழி கண்டனர். தொகுப்பில் சேர்ந்த ஒவ்வொருவரும் தம் காப்புரிமைக்குத் தனியாகவும் உரிமம் வழங்கலாம் என்பதே அந்நிபந்தனை. பதிலீடுகளின் தொகுப்பாயின், ஒருவர் வெளியே 6-க்குக் குறைவாக விற்க முற்படுவார்; மற்றவரும் தொடர்வார்; தொகுப்பின் உயர்விலை நிலைக்காது. நிரப்புகளின் தொகுப்பாயின், தனித்தனியே வாங்க 8, தொகுப்பாக வாங்க 6. எனவே எவரும் வெளியே செல்லார். நிபந்தனை தீய தொகுப்பைக் கலைக்கிறது. நல்ல தொகுப்பைத் தொடுவதில்லை. ஒழுங்குமுறையாளர் ஒவ்வொரு காப்புரிமையையும் ஆராய வேண்டிய தேவை பெரிதும் குறைகிறது.

எம்பெக்-2 காணொளித் தொகுப்புக்கு அமெரிக்க நீதித்துறை 1997-இல் இசைவளித்தபோதே உறுப்பினர்கள் தனி உரிமம் வழங்கும் உரிமை அதில் இடம்பெற்றிருந்தது. நடைமுறை முன்னரே கண்டதன் காரணத்தைக் கோட்பாடு பின்னர் விளக்கியது எனலாம்.

தரநிலைக்கு முன்னும் பின்னும்

இரண்டாம் சிக்கல் காலம் பற்றியது. தரநிலை முடிவாகும் முன், ஒரே பணிக்குப் பல நுட்பங்கள் போட்டியிடுகின்றன. அவற்றுள் ஒன்று தேர்வானதும் தொழிற்சாலைகள் அதற்கேற்ப முதலீடு செய்துவிடுகின்றன. அதன்பின் அந்நுட்பத்தின் உரிமையாளர், கண்டுபிடிப்பின் மதிப்பை மட்டுமன்றித் தரநிலை தந்த பிடியின் மதிப்பையும் கேட்க இயலும். இதைத் தடுக்க, 'நியாயமான, தக்க, பாகுபாடற்ற' நிபந்தனைகளில் உரிமம் வழங்குவதாகத் தரநிலை அமைப்புகள் உறுதிமொழி பெறுகின்றன. எது நியாயம் என்பது அதில் கூறப்படுவதில்லை.

இத்தெளிவின்மையின் விளைவை மைக்ரோசாஃப்ட், மோட்டோரோலா நிறுவனங்களுக்கிடையிலான வழக்கு காட்டுகிறது. எச்.264 காணொளித் தரநிலைக்கும் 802.11 கம்பியில்லாத் தரநிலைக்கும் மோட்டோரோலா தனித்தனியே இறுதிப் பொருளின் விலையில் 2.25 விழுக்காடு கேட்டது. 200 டாலர் விலையுள்ள கருவிக்கு அது 4.5 டாலர். 2013-இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றம், எக்ஸ்பாக்ஸ் கருவி ஒன்றுக்கு முன்னதற்கு 0.555 சென்ட்டும் பின்னதற்கு 3.471 சென்ட்டும் எனக் கட்டணம் வரையறுத்தது. நடப்பிலிருந்த காப்புரிமைத் தொகுப்புகளின் கட்டணங்களும் அங்கு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

2015-இல் வெளியிட்ட ஆய்வில் லெர்னரும் டிரோலும் வேறு வழியை முன்வைத்தனர். தரநிலை முடிவாகும் முன்பே ஒவ்வோர் உரிமையாளரும் தாம் கேட்கவிருக்கும் உச்சக் கட்டணத்தை அறிவித்து அதற்குக் கட்டுப்பட வேண்டும். அந்நிலையில் மாற்று நுட்பங்களின் போட்டி கட்டணத்தை நெறிப்படுத்தும். இது வாங்குவோர் கூடிப் பேரம் பேசுவதன்று. உரிமையாளர் தனித்து அளிக்கும் உறுதிமொழி. ஆகவே வாங்குவோர் கூட்டுச்சேர்ந்து கட்டணத்தை அழுத்திவிடும் அச்சமும் எழாது.

அமைப்புகள் தாமாக ஏன் இதனைக் கேட்பதில்லை? கடும் விதி வகுக்கும் அமைப்பை விட்டு உரிமையாளர் இளகிய விதியுடைய அமைப்பை நாடுவர். எனவே விதி எல்லா அமைப்புகளுக்கும் பொதுவாக வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

மதிப்பீடு

இக்கருத்துக்கு நடைமுறைத் தடைகள் உள்ளன. தொடக்கத்தில் ஒரு நுட்பத்தின் பயன்மதிப்பு எவருக்கும் தெளிவாகத் தெரியாது. மேலும், கைப்பேசித் தரநிலைகளில் அறிவிக்கப்படும் காப்புரிமைகள் ஆயிரக்கணக்கானவை. அவை உண்மையிலேயே இன்றியமையாதவையா என்பதை ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் சரிபார்ப்பதில்லை. மாற்று நுட்பமே இல்லாத இடத்தில் முன்கூட்டிய போட்டியும் பயன் தராது.

முடிவுரை

தனித்து உரிமம் வழங்கும் நிபந்தனையும் முன்கூட்டிய விலை உறுதிமொழியும் ஒரே அணுகுமுறையின் இரு வடிவங்கள். நியாயமான விலை எது என்று நீதிமன்றமோ அரசோ கணிப்பதற்கு மாறாக, அவ்விலை தானே வெளிப்படும் சூழலை விதிகளால் அமைக்க அவை முயல்கின்றன. கண்டுபிடித்தவருக்குரிய ஊதியம் எது, தரநிலையின் பிடியால் மட்டும் கிடைக்கும் மிகைவருவாய் எது என்று பிரித்துக் காட்டியதே டிரோல் ஆய்வுகளின் முதன்மைப் பங்களிப்பு ஆகும்.