"கடைசி விலை சொல்லுங்கக்கா"

தாராவியில் சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைக் கடைகளில் தோல் பைகள் எடுத்து, கல்யாண் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். "என்ன விலைக்கா?", "நிஜத் தோலா?", "கடைசி விலை சொல்லுங்கக்கா" என்று கேட்டுவிட்டுப் பலர் காணாமல் போவார்கள்.

எல்லாக் கேள்வியும் வீண் இல்லை. "லேப்டாப் உள்ளே போகுமா?" என்பவர் வாங்கவே வந்தவர், பைமேல் அளவு நாடாவை வைத்துப் படம் அனுப்புவேன். தோலா என்று சந்தேகப்படுபவர் எங்கோ ஏமாந்திருப்பார், பாவம். அவருக்கு வெட்டு விளிம்பின் படம். ரெக்சின் என்றால் அடியில் துணி தெரிந்துவிடும்.

விலையை மறைத்து "இன்பாக்ஸ் வாங்க" என்று போடுவது எனக்குப் பிடிக்காது. கேள்விகளை நாமே வரவழைக்கிறோம். மின்வணிகத் தளங்களில் விற்பவர்கள் அனுப்பும் செலவும் சேர்த்து மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்கின்றன 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். என் கேட்டலாக்கிலும் அப்படியே போடுகிறேன். அப்படியும் வரும் கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் 'விரைவு பதில்' வசதி உண்டு: சாய்கோடு போட்டுக் குறிச்சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து விழும். பேரத்துக்கு ஒரே பதில்தான், மரியாதையாக.

ஒன்றுக்கு மட்டும் பதிலே கிடையாது. "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள் மோசடிக்காரர்கள். யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. உடனே பிளாக் செய்துவிடுங்கள்.