மணற்கடலிற் கிடந்த விமானம்

கைவிடப்பட்ட விமானங்கள் உலகின் பல பாகங்களிலும் கிடப்பினும், லிபியப் பாலைவனத்திற் காணப்பட்ட 'லேடி பி குட்' என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு தனித்து நோக்கற்பாலது.

1943ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் நேப்பிள்சு நகரைத் தாக்கச் சென்று, ஒன்பதின்மருடன் இரவிலே திரும்பிய அவ்விமானம் வானொலியில் வழி வினவ, பெங்காசிப் பகுதி நிலையம் திசை கூறிற்று. அந்நிலையத்து வளையவடிவக் கருவி விமானம் உள்ள கோட்டைக் காட்டுமேயன்றி, அஃது எப்பக்கத்தது என்பதைக் காட்டமாட்டாது. விமானமோ ஏலவே தளத்தைக் கடந்திருந்தது; இருதிறத்தாரும் அது கடலின்மேல் வருவதாகவே கொண்டனர். விமானியைக் குறைகூறுதல் எளிது. இருளிற் பாலையுங் கடலும் ஒன்றே.

எரிபொருள் தீரும் நிலையில் அனைவரும் பரசூற் மூலம் குதித்தனர். ஒருவர் அப்பொழுதே மாண்டார். ஏனையோர் ஒரு குடுவை நீருடன் வடக்கே நடந்தனர். துணைவிமானியின் நாட்குறிப்பு ஏப்பிரல் 12உடன் நின்றுவிட்டது. ஆளின்றித் தானே தரைதட்டிய விமானம், அவர் இறங்கிய இடத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 16 மைல் தொலைவிற் கிடந்தது.

1958இல் எண்ணெய் தேடுவோர் அதனைக் கண்டனர். மறுவருடம் சென்று ஆராய்ந்தபோது, வறண்ட காற்றினாற் கெடாது, வானொலி இயங்கிற்று. குடுவைத் தேநீர் பருகத்தக்கதாயிருந்தது. உடைந்த பாகங்கள் 1994இல் அங்கிருந்து அகற்றப்பட்டன.