பல திரைகளில் ஒரு படம்

தொடர்வண்டி நிலையத்தில், வண்டிகளின் நேரத்தைக் காட்டும் ஒரே பட்டியல் பல திரைகளில் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பேரங்காடிகளிலோ, நான்கு திரைகள் ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய படத்தைக் காட்டுவதும் உண்டு. இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள். முன்னது படியெடுத்தல், பின்னது பகுத்தல்.

படியெடுத்தல் எளிது. கணினியிலிருந்து வரும் காட்சிக் குறிகையை 'ஸ்பிளிட்டர்' என்னும் சிறு கருவி பெற்று, அப்படியே பல வடங்களின் வழியே அனுப்பும். அப்பெயருக்குப் 'பிரிப்பான்' என்பது பொருள். ஆயினும் அது படத்தைப் பிரிப்பதில்லை.

பகுத்தலுக்கு வேறு கருவி தேவை. உயர் தெளிவுப் படமொன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் உள்ளன. அதனை நான்கு திரைகளுக்குப் பகுத்தால், ஒவ்வொன்றுக்கும் 960 × 540 புள்ளிகளே கிடைக்கும். படம் பெரிதாகும், நுணுக்கம் கூடாது. நான்கு திரைகளும் முழுத் தெளிவுடன் விளங்க, 3840 × 2160 புள்ளிகள் கொண்ட படம் வேண்டும்.

புரொஜெக்டர் எனப்படும் படவீழ்த்திகளைப் பயன்படுத்தும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. இரு படங்களுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கருங்கோடு தெரியும். ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், ஒளி இருமடங்காகி வெண்பட்டை தோன்றும்.

இச்சிக்கல் புதிதன்று. 1952ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் 'சினராமா' என்னும் திரைப்பட முறை அறிமுகமாயிற்று. ஃபிரெட் வாலர் உருவாக்கிய அம்முறையில், மூன்று படவீழ்த்திகள் வளைந்த அகன்ற திரையில் அருகருகே படங்காட்டின. இணைப்பை மறைக்க, சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் படத்தின் ஓரத்தில் விரைந்து மேலும் கீழும் அசைந்து ஒளியை மங்கச் செய்தன. ஆயினும் இணைப்புக் கோடுகள் முற்றிலும் மறையவில்லை.

இன்று அப்பணியைக் கணினி செய்கிறது. இரு படங்களின் ஓரங்களும் ஒரே காட்சிப் பகுதியைக் காட்டுமாறு ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கப்படுகின்றன. அப்பகுதியில் வலப்புறம் செல்லச் செல்ல, இடப்புறப் படவீழ்த்தியின் ஒளி படிப்படியாகக் குறைகிறது. வலப்புறப் படவீழ்த்தியின் ஒளி அதற்கேற்பக் கூடுகிறது. எனவே, இரண்டும் சேர்ந்த ஒளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறது. இது 'விளிம்புக் கலப்பு' எனப்படும்.

இருண்ட காட்சிகளில் இதற்கும் இடர் உண்டு. படவீழ்த்தியால் முழு இருளைக் காட்ட இயலாது. சிறிது ஒளி கசியும். இரு கசிவுகளும் சேருமிடம் சாம்பல்நிறப் பட்டையாகத் தெரியும். அதனால், வல்லுநர்கள் மற்றப் பகுதிகளின் கருமையையும் சற்றே வெளிறச் செய்து சமன்படுத்துவர்.

உங்கள் பள்ளி விழாவில் தூண்களுக்குப் பின்னால் இருப்போரும் மேடையைக் காணவேண்டுமாயின், படியெடுத்தலே போதும். மேடை முழுதும் ஒரே கடற்காட்சி விரியவேண்டுமாயின், பகுத்தலே வழி. தேவையை முதலில் தெளிந்தால், கருவியைத் தேர்வது எளிதாகும்.

சொற்பொருள்
குறிகை – மின்வழியாகச் செல்லும் செய்தி
வடம் – மின்கம்பிகள் அடங்கிய தடித்த கம்பி
படப்புள்ளி – படத்தை உருவாக்கும் மிகச்சிறு புள்ளி (பிக்சல்)

வினாக்கள்
1. படியெடுத்தல், பகுத்தல் – வேறுபடுத்துக.
2. சினராமாவில் இணைப்பை மறைக்கக் கையாண்ட முறை யாது?
3. 1920 புள்ளி அகலமுடைய இரு படங்கள் 240 புள்ளி அளவிற்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், முழுப்படத்தின் அகலம் எத்தனை புள்ளிகள்?